குப்பியில் இல்லாத இரண்டு புரதங்கள்

அந்த நர்ஸ் சின்னக் குப்பி ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டு நின்றிருந்தார். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார். கைச்சூட்டில் அது அறை வெப்பநிலைக்கு வர வேண்டும். சில நிமிடங்கள் கழித்துக் குப்பியை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "குலுக்கக் கூடாதுங்க, நுரைச்சுடும்" என்றார்.

என் தங்கையின் மகன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,200 கிராமுக்கும் குறைவு. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலாவுக்கு அடியில் தோல் குழிந்து உள்ளே போனது. மூச்சை விடும்போது முனகல் மாதிரி ஒரு சத்தம். அந்த வெள்ளைத் திரவத்தைக் குழாய் வழியாக நேராக அவன் நுரையீரலுக்குள் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்திலேயே திரையில் ஆக்ஸிஜன் அளவு ஏறத் தொடங்கியது. குழிவது குறைந்தது. அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குப்பியில் என்ன இருந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியவள், அதில் என்ன இல்லை என்பதில் போய் நின்றேன். இந்தக் கட்டுரை, குப்பியில் இல்லாத அந்த இரண்டு பொருள்களைப் பற்றியது.

முதலில் குப்பிக்குள் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் நுரையீரலில் காற்று நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பெரியவர்களுக்குச் சராசரியாக 48 கோடி என்று ஒரு கணக்கு. ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம். எல்லாவற்றின் உட்சுவரும் ஈரமாக இருக்கும். ஈரம் இருந்தாலே பரப்பு இழுவிசை வந்துவிடும். நனைந்த பாலித்தீன் பையின் வாயைப் பிரிக்கப் பட்டபாடு நினைவிருக்கிறதா? அதே மாதிரி ஒவ்வொரு மூச்சு விட்ட பிறகும் இந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் காப்பது உட்சுவரில் மெல்லிசாகப் படர்ந்திருக்கும் ஒரு கொழுப்புப் படலம். அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். நுண்ணறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகை செல்கள் என்ற உருண்டையான செல்கள் இதைச் சுரக்கின்றன. கருவில் 24 வாரம் வாக்கில் அந்த வேலை தொடங்கும். போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகும். 29 வாரத்தில் பிறந்தவனுக்கு அது எப்படிப் போதும்?

இதைக் கண்டுபிடித்த கதையிலும் நுரைதான் வருகிறது. 1955-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில் என்ற ஆய்வாளர், நுரையீரலிலிருந்து வரும் நுரையின் குமிழிகள் உடையாமல் அப்படியே நிற்பதைக் கவனித்தார். விஷவாயு தாக்கினால் நுரையீரலில் நீர் கோத்து நுரை பொங்கும், அதை எப்படி அடக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நுரையைக் கலைக்கும் பொருள்கள் எதற்கும் அந்தக் குமிழிகள் மசியவில்லை. 1957-ல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸ் நுரையீரல் சாற்றின் பரப்பு இழுவிசையை அளந்து காட்டினார். 1959-ல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும், மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதாமல் இருந்ததை வெளியிட்டார்கள். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே குறையால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உலகத்தின் பெரிய நாட்டு அதிபருக்கே அன்று கொடுக்க மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் என் தங்கை மகனுக்குக் கிடைத்த குப்பி.

சரி, இல்லாதது என்ன?

இயற்கையான சர்ஃபாக்டன்டில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு, மீதி 10 சதவீதம் புரதம். அதற்கே உரிய புரதங்கள் நான்கு: எஸ்பி-ஏ, எஸ்பி-பி, எஸ்பி-சி, எஸ்பி-டி. பி-யும் சி-யும் கொழுப்போடு ஒட்டி உறவாடுபவை. படலம் பரவ உதவுவது இவைதான். ஏ-யும் டி-யும் தண்ணீரில் கரைபவை. பன்றி, மாட்டு நுரையீரலிலிருந்து மருந்து தயாரிக்கும்போது கரிமக் கரைப்பான்களைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். கொழுப்போடு பி-யும் சி-யும் வந்துவிடும். ஏ-யும் டி-யும் வெளியே நின்றுவிடும். மூச்சு விரிய அவை இரண்டும் அவசியமில்லை என்பதால் மருந்து மருந்தாகவே வேலை செய்கிறது. ஆனால் நுரையீரலின் காவல் வேலை அந்த இரண்டிடமும்தான் இருக்கிறது.

இரண்டும் கலெக்டின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. எஸ்பி-டி-யைப் படத்தில் பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் மூன்று தலைகள். ஆக மொத்தம் 12. எஸ்பி-ஏ ஒரு பூங்கொத்து. ஆறு காம்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று பூ. ஆக 18. இந்தத் தலைகள், கால்சியத்தின் துணையோடு, சர்க்கரையைப் பிடிக்கும். கிருமிகளின் மேலே இருக்கும் மேன்னோஸ் போன்ற சர்க்கரைகள் இதற்குப் பிடித்தமானவை. நம் செல்களின் மேலும் சர்க்கரை உண்டு. ஆனால் அந்தச் சங்கிலிகளின் நுனியைப் பெரும்பாலும் சியாலிக் அமிலம் மூடியிருப்பதால் அவை பிடியில் சிக்குவதில்லை.

ஒரு தலையின் பிடி பலவீனமானது, தொட்டதும் விட்டுவிடும். துணியில் ஒட்டும் நாயுருவி விதையும் அப்படித்தான். ஒரு முள்ளைத் தட்டிவிடலாம், பல முட்கள் சேர்ந்து பிடித்தால் எளிதில் வராது. அதுமட்டுமில்லை, எஸ்பி-டி-யின் நான்கு கைகளும் நான்கு பக்கம் நீண்டிருப்பதால் ஒரு கை ஒரு வைரஸையும் இன்னொரு கை இன்னொரு வைரஸையும் பிடித்து, எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிடும். தனித்தனியாகத் திரிகிற வைரஸைவிடக் கட்டியாகக் கிடப்பதை விழுங்குவது நோயெதிர்ப்பு செல்களுக்கு எளிது. மூச்சுக்குழாய்களில் என்றால் சளியும் குற்றிழைகளும் அதை மேலே தள்ளி வெளியேற்றிவிடும்.

இது வரைக்கும் படித்தபோது, சரி, இதுவும் ஒரு வலை, பிடித்துக் கொடுக்கிறது என்று நினைத்தேன். அதற்கப்புறம் படித்தது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

அதற்குள் போகும் முன், நுண்ணறையில் வசிக்கும் மேக்ரோஃபேஜைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெருவிழுங்கி என்று தமிழில் சொல்கிறார்கள், நல்ல பெயர். இது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு ஆபத்துக்கு ஓடி வரும் செல் கிடையாது. கருவிலிருக்கும்போதே இதன் மூதாதை நுரையீரலுக்கு வந்துவிடுகிறது. பிறந்து முதல் மூச்சு விட்ட சில நாள்களில் முதிர்ந்து அங்கேயே குடியேறி, தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு வாழ்கிறது. 2020-ல் கனடாவின் கால்கரியில் ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் நுரையீரலில் இதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துப் படம் பிடித்தார்கள். மூச்சு விரிந்து சுருங்கும் நுண்ணறையின் சுவரில் இது மெதுவாக ஊர்ந்து, பக்கத்து அறைக்கு இருக்கும் சின்னத் துளை வழியாக நுழைந்து, அங்கே விழுந்து கிடக்கும் பாக்டீரியாவை விழுங்குகிறது. யாருக்கும் சத்தம் போட்டுச் சொல்லாமல் விழுங்குகிறது. இதைத் தடுத்துப் பார்த்தபோது நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து குவிந்து, தேவையில்லாத அழற்சி உண்டானது. இன்ஃப்ளூயன்சா தாக்கிய எலிகளில் இந்த ஊர்தலே தடைபட்டது. ஃப்ளூ வந்த பிறகு பாக்டீரியா நிமோனியா ஏன் தொற்றிக்கொள்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அமைதி? நுண்ணறையில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் கனம் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரான்கூட இல்லை. அங்கே போர் மூண்டால் சுவர் ஒழுகும், நீர் கோக்கும், மூச்சு நிற்கும். கையில் ஒரு கொப்புளம் வீங்கிச் சிவந்தால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். நுரையீரல் வீங்கினால் பொறுக்க நேரம் கிடையாது. அதனால் தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றோடு உள்ளே வரும் தூசுக்கும் துகளுக்கும் எல்லாம் அந்த மேக்ரோஃபேஜ் கொதித்தெழக் கூடாது. அதே சமயம் உண்மையான வைரஸ் வந்தால் சும்மாவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் அதற்குச் சொல்வது யார்?

2003-ல் டென்வரில் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்ட விளக்கம் இதற்குப் பதில் சொல்கிறது. எஸ்பி-ஏ, எஸ்பி-டி இரண்டுக்கும் தலை உண்டு, வால் உண்டு. எந்தக் கிருமியையும் பிடிக்காமல் சும்மா இருக்கும்போது அவற்றின் தலைகள் மேக்ரோஃபேஜின் மேலிருக்கும் ஒரு ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதத்தை, தொடுகின்றன. அந்தத் தொடுதல் செல்லுக்குள் "அமைதியாக இரு" என்று போகிறது. ஒரு வைரஸோ பாக்டீரியாவோ வந்தால் தலைகள் அதைப் பிடிக்கப் போய்விடும். அப்போது வால்கள் மேக்ரோஃபேஜின் பக்கம் திரும்பி, வேறொரு ஏற்பியைத் தொடும். அது "எழுந்து வா" என்று போகிறது. அதே புரதம், அதே செல். எந்த முனை தொடுகிறது என்பதில்தான் உத்தரவு இருக்கிறது.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வந்தது யார் என்று விசாரிக்கத் தனி ஆள், அடக்கத் தனி ஆள், எழுப்பத் தனி ஆள் என்று வைக்காமல், கையில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதையே செய்தியாக்கிவிட்டது உடம்பு.

எழுந்த பிறகு மேக்ரோஃபேஜ் விழுங்குவதோடு நிற்பதில்லை. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததே சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கொண்டுதான். இன்டர்ஃபெரான் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும் என்பதால் இதோடு விடுகிறேன்.

இரண்டாம் வகை செல்லுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. அது வெளிப்பட்டது தற்செயலாக. 1994-ல் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தின் மரபணுவை எலிகளிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். ரத்த அணுக்களை வளர்க்கும் காரணி என்று பெயரெடுத்த புரதம் அது, ஆகவே ரத்தம் கெடும் என்று எதிர்பார்த்தார்கள். ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் தேங்கி நிரம்பிவிட்டது. ஏனென்றால் நுண்ணறை மேக்ரோஃபேஜ் வளர்வதே ஜிஎம்-சிஎஸ்எஃப் இருந்தால்தான், பழைய சர்ஃபாக்டன்டைத் தின்று தீர்ப்பதும் அதே மேக்ரோஃபேஜ்தான். அந்த ஜிஎம்-சிஎஸ்எஃப்-ஐச் சுரப்பதும் இரண்டாம் வகை செல். படலத்தையும் அதுவே செய்கிறது, காவல் புரதத்தையும் அதுவே செய்கிறது, காவலாளியை ஊட்டி வளர்ப்பதையும் அதுவே செய்கிறது.

மனிதர்களிலும் இந்த நோய் உண்டு. 1958-லேயே மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள், காரணம் மட்டும் பல ஆண்டுகள் புரியாமல் இருந்தது. 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் உடம்பே ஜிஎம்-சிஎஸ்எஃப்-க்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்குவதைக் கண்டார்கள். இவர்களுக்கு மூச்சுத் திணறலோடு தொற்றும் எளிதில் வரும். சிகிச்சையாக, மயக்க மருந்து கொடுத்து ஒரு பக்க நுரையீரலை உப்புநீரால் லிட்டர் லிட்டராகக் கழுவுவார்கள். கழுவிய நீரைப் பாட்டில் பாட்டிலாக வரிசையில் வைத்த படத்தைப் பார்த்தேன். முதல் பாட்டிலில் பால் மாதிரி வெள்ளை. போகப்போக நீர்த்து, கடைசிப் பாட்டிலில் கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். அந்த முதல் பாட்டிலின் வெள்ளை நான் குப்பியில் பார்த்த அதே வெள்ளை. ஒரு குழந்தைக்கு அது இல்லாமல் மூச்சு நிற்கிறது, ஒரு பெரியவருக்கு அதைத் தின்ன ஆள் இல்லாமல் மூச்சு நிற்கிறது.

மேக்ரோஃபேஜ் இல்லாவிட்டால் வைரஸ் விஷயத்தில் என்ன ஆகும் என்பதற்கும் எலிகளே சாட்சி. நுண்ணறை மேக்ரோஃபேஜ் இல்லாத எலிகளுக்கு இன்ஃப்ளூயன்சா கொடுத்தபோது அவை மூச்சு செயலிழந்து இறந்தன. சாதாரண எலிகள் அதே அளவு வைரஸைத் தாங்கிப் பிழைத்தன.

இனி வைரஸின் பக்கம். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேலே ஹீமக்ளூட்டினின் என்ற முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடித்துத்தான் அது உள்ளே நுழைகிறது. எஸ்பி-ஏ இங்கே ஒரு வேலை செய்கிறது. அதன் உடம்பிலேயே சியாலிக் அமிலம் தொங்குகிறது. வைரஸ் செல்லைப் பிடிப்பதாக நினைத்து எஸ்பி-ஏ-யைப் பிடித்துக்கொண்டுவிடும். எஸ்பி-டி-யின் வழி நேரானது. ஹீமக்ளூட்டினின் மேலிருக்கும் சர்க்கரைகளைப் பிடிக்கும்.

அந்தச் சர்க்கரையில்தான் ஒரு பெரிய பேரம் நடக்கிறது. 1968-ல் உலகமெங்கும் பரவிய எச்3என்2 வைரஸின் ஹீமக்ளூட்டினினில் அப்போது சர்க்கரைகள் குறைவு. மனிதர்களிடையே ஆண்டுக்கணக்கில் சுற்றச் சுற்ற, ஒவ்வொன்றாகப் புதிய இடங்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே வந்தது. காரணம் எளிது. நம் ஆன்டிபாடி ஒட்டும் இடத்தைச் சர்க்கரை மறைத்துவிடும், பழைய தடுப்பாற்றல் அடையாளம் காணாது. ஆனால் போர்த்திக்கொண்ட அந்தப் போர்வையே எஸ்பி-டி பிடிக்கும் கைப்பிடியாகிவிடுகிறது. ஆன்டிபாடியிடமிருந்து ஒளிந்தால் கலெக்டினிடம் மாட்டும், கலெக்டினிடமிருந்து தப்பச் சர்க்கரையைக் கழற்றினால் ஆன்டிபாடியிடம் மாட்டும்.

இரண்டிடமிருந்தும் தப்பும் நேரம் ஒன்று உண்டு. 2009-ல் பரவிய எச்1என்1 வைரஸின் தலைப்பகுதியில் சர்க்கரை குறைவு. ஆய்வுக்கூடத்தில் எஸ்பி-டி-யால் அதை அடக்க முடியவில்லை. புதிதாக வந்த வைரஸ் என்பதால் பெரும்பாலானவர்களிடம் அதற்குரிய ஆன்டிபாடியும் இல்லை. உலகப் பெருந்தொற்றாகப் பரவும் வைரஸ்கள் ஏன் அவ்வளவு வேகமாக ஆழத்துக்கு இறங்குகின்றன என்று யோசிக்கும்போது, இந்த இரட்டைத் திறப்பை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வைரஸும் கோவிட் வைரஸும் நுரையீரலின் ஆழத்துக்குப் போனால் குறிவைப்பது இரண்டாம் வகை செல்லைத்தான். கோவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி அந்தச் செல்லின் மேல் இருக்கிறது. அந்தச் செல் செத்தால் படலம் போகிறது, எஸ்பி-ஏ, எஸ்பி-டி போகின்றன, மேக்ரோஃபேஜை ஊட்டும் கையும் போகிறது. சுவர் ஒழுகத் தொடங்கியதும் மிச்சமிருக்கும் எஸ்பி-டி ரத்தத்தில் கசியும். ஜப்பானில் இடைத்திசு நுரையீரல் நோயைக் கண்டறிய, ரத்தத்தில் எஸ்பி-ஏ, எஸ்பி-டி அளவைப் பார்ப்பது வழக்கமான சோதனை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ரத்தத்தில் கூடியிருந்தால் நுரையீரலுக்கு அடி பட்டிருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் நான் படித்தது ஒரே மூச்சில் இல்லை. ஐந்தாவது மாதத்தில் ஒரு ராத்திரி தங்கையிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மூச்சு இழுக்கும்போது மறுபடியும் நெஞ்சு உள்ள போகுது, வந்து பாரு." மூக்கொழுகலில் தொடங்கி இரண்டே நாளில் பால் குடிக்க முடியாமல் போய்விட்டது. ஆர்.எஸ்.வி. என்றார்கள், கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஒரு வைரஸ். ஆறு நாள் ஆக்ஸிஜனில் இருந்தான். தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பெருமளவில் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குப் போகின்றன. முன்கூட்டியே பிறந்தவனுக்கு அந்தச் சீதனமும் பாதிதான். மூச்சுக்குழாய்களும் ரொம்பக் குறுகல். இப்போது நிர்செவிமாப் என்று ஆர்.எஸ்.வி.க்கு எதிரான ஆன்டிபாடியையே ஒரு ஊசியாகப் போட்டுவிடுகிறார்கள், 2022-லிருந்து ஒவ்வொரு நாடாக அனுமதிக்கிறது. அது அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆறு நாளில்தான் எஸ்பி-ஏ மரபணு இல்லாத எலிகளைப் பற்றிய 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தேன். அவற்றுக்கு ஆர்.எஸ்.வி. கொடுத்தால் நுரையீரலில் வைரஸும் அதிகம், அழற்சியும் அதிகம். எஸ்பி-ஏ-யைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் குறைகின்றன. இதைப் படித்துவிட்டுக் குப்பியை நினைத்தேன். ஐந்து மாதத்தில் அவன் நுரையீரல் தானாகவே இவற்றைச் செய்யும் என்பது எனக்குத் தெரியும், அந்த நோய்க்குக் குப்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பிறந்த முதல் நாள்களில், வென்டிலேட்டரும் ஆக்ஸிஜனும் பிஞ்சு நுரையீரலைப் படுத்தும் நாள்களில், "அமைதியாக இரு" என்று சொல்ல ஆள் குறைவாக இருந்தது என்ற எண்ணம் போகவில்லை. அதே எண்ணம் ஆய்வாளர்களுக்கும் இருந்திருக்கிறது. மனித எஸ்பி-டி-யை ஆய்வுக்கூடத்தில் செல்களைக் கொண்டு தயாரித்து, மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனைகள் நடந்து வருகின்றன.

வீட்டுக்கு வந்த அன்று தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். மடியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு குழியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ அந்தப் பால் மாதிரி மருந்துல இது ரெண்டும் இல்லவே இல்லையா?" என்றாள்.

"இல்லை."

"அப்புறம் இவனுக்கு யார் கொடுத்தா?"

"அவனே செஞ்சுக்கிட்டான்" என்றேன்.